வெட்டுவதற்கு முன் எங்களையும் கேட்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில், பிரித்தானியாவின் வெளிநாட்டு உதவி குறைக்கப்படுவதை வரவேற்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். கொடுக்கும் காசைக் குறைப்பது இருக்கட்டும், உதவி பெறும் நாடுகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதே பெட்டியிலிருந்து காசு எடுத்தார்களே, இனி ஒரு பென்ஸ்கூட அதற்குப் போகக்கூடாது என்பது அவர் வாதம். ஆட்டம் பாட்டத்துக்கு வரிப்பணமா என்றும் கேட்டிருந்தார். அந்தக் காசில் பயிற்சி பெற்றவர்களில் நானும் ஒருத்தி. பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வடமேற்கு லண்டனில் ஓர் அரச இடைநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடங்கள் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். 83 கலவரத்துக்கு அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். அப்போது வெம்பிளியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். 1985 ஜூலை 13ஆம் தேதி, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி வெம்பிளி மைதானத்தில் நடந்த அன்று, மைதானத்துச் சத்தம் எங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டது. மறுநாள் அடுத்த வீட்டு அம்மா ஒரு பை நிறையப் பழைய உடுப்புகளைக் கொண்டுவந்து, உன் நாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பு என்று தந்தார். நல்ல மனுஷி. பனிக்காலத்தில் எனக்கே ஒரு கம்பளிச் சட்டை தந்தவர். ஆனால் எத்தியோப்பியாவும் இலங்கையும் அவருக்கு ஒரே இடம்தான். பையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன், வேறென்ன சொல்வது?

அந்த அம்மா தனி ஆள் இல்லை. 2002இல் வி.எஸ்.ஓ. என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிரித்தானியர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு வளரும் நாடுகள் என்றதும் மனதில் வருவது பஞ்சமும் பேரழிவும் மேற்கு நாடுகளின் உதவியும்தான் என்று இருந்தது. லைவ் எய்ட் நடந்து பதினாறு, பதினேழு வருடம் கழிந்த பிறகு வந்த கணக்கு இது.

சரி, உங்கள் வாசகரின் ஆட்டம் பாட்டத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது கற்பனை இல்லை. 2010 மே மாதம் புதிய கூட்டணி அரசு வந்ததும் சர்வதேச அபிவிருத்தி அமைச்சர் அன்ட்ரூ மிச்செல் ஐந்து விழிப்புணர்வுத் திட்டங்களை ரத்துச் செய்தார். அதிலொன்று ஹக்னியில் பிரேசில் பாணி நடனக் குழு ஒன்றுக்கு 146,000 பவுண். பத்திரிகைகளுக்கு அது போதுமாயிருந்தது. என்னைக் கேட்டாலும் அந்தக் குழுவுக்குக் காசு கொடுத்திருக்கமாட்டேன். ஆனால் அதே பட்டியலில், பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு உலக விவகாரங்களில் பயிற்சி கொடுக்க 120,000 பவுணும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மேளச் சத்தத்தில் அது காதில் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பயிற்சிகளில் என்ன நடந்தது என்று உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

2006இல் எங்கள் பகுதி ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று சனிக்கிழமைகள் ஓர் அபிவிருத்திக் கல்வி நிலையத்தில், அதாவது உலக வறுமையைப் பற்றிப் படிப்பிக்க ஆசிரியர்களைப் பழக்கும் இடத்தில், கூடினோம். ஒரு நூலகத்தின் மாடியில் ஒரு பெரிய அறை, அவ்வளவுதான் நிலையம். அங்கே எங்களுக்குத் திசைகாட்டி ஒன்றைக் கற்றுத்தந்தார்கள். பேர்மிங்ஹாம் அபிவிருத்திக் கல்வி நிலையத்தார் உருவாக்கிய முறை அது. ஒரு படத்தைத் தாளின் நடுவில் ஒட்டி, நான்கு பக்கமும் நான்கு விதமான கேள்வி எழுதவேண்டும். வடக்கே இயற்கை: மண், தண்ணீர், மழை. கிழக்கே பொருளாதாரம்: யாருக்கு வேலை, எங்கே சந்தை. தெற்கே சமூகம்: யார் யாருடன் எப்படி இருக்கிறார்கள். மேற்கே, யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி. ஆங்கிலத்தில் திசைகளின் முதலெழுத்தும் கேள்விகளின் முதலெழுத்தும் ஒன்றாக வரும். தமிழில் அந்தப் பொருத்தம் வராது, ஆனால் கேள்வி வரும்.

திங்கட்கிழமையே எட்டாம் ஆண்டு வகுப்பில் செய்து பார்த்தேன். குடம் சுமக்கும் ஒரு பிள்ளையின் படம். எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த படம்தான். அதற்கு முந்திய வருடங்களில் அதே படத்தைக் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்டால், பாவம், ஏழை, வறட்சி என்று மூன்று சொல் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். இந்த முறை வடக்குப் பக்கக் கேள்விக்கு, பின்வரிசையில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். முல்லைத்தீவுக் குடும்பம். 2004 கடற்கோளுக்குப் (சுனாமிக்குப்) பிறகு வந்தவர்கள். தன் அம்மம்மா வீட்டில் நல்ல கிணறு இருந்தது, கடல் உள்ளே வந்துபோன பிறகு தண்ணீர் உப்பாகிவிட்டது என்றாள். குடத்தோடு நடப்பது ஏழை என்பதால் மட்டுமல்ல, கிணறு கெட்டதாலும் இருக்கலாம் என்று அப்போதுதான் வகுப்புக்கு உறைத்தது. எனக்கும்தான்.

மேற்குப் பக்கம் வந்ததும் அவளே இன்னொன்று சொன்னாள். கரையில் திரும்ப வீடு கட்டக்கூடாது என்றார்களாம், மாமா கடலுக்குப் போகிறவர், எப்படி உள்ளே போய் இருப்பது என்று. அது உண்மை. கடற்கோளுக்குப் பிறகு இலங்கை அரசு தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் போட்டது. உடனே ஓர் ஆங்கிலப் பையன் எழும்பிக் கேட்டான்: "மிஸ், மீன் பிடிக்கிறவர்களை யாராவது கேட்டார்களா?" அப்புறம் அவனே யோசித்துவிட்டு, "நாங்கள் வாளி பிடித்துக் காசு சேர்த்தோமே, நாங்கள் கேட்டோமா?" என்றான்.

2005 ஜனவரியில் பள்ளிக்கூட வாசலில் வாளி பிடித்து நின்றவர்களில் அவனும் ஒருவன். அந்தக் கடற்கோள் நிவாரண நிதிக்குப் பிரித்தானிய மக்கள் கொடுத்தது 392 மில்லியன் பவுண். கொடுத்த கைகளுக்குக் குறைவில்லை. கேள்வி கேட்கத்தான் யாரும் பழக்கியிருக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்தக் கேள்வி வந்தது நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. மூன்று சனிக்கிழமைகள் யாரோ காசு கொடுத்து என்னை ஓர் அறையில் உட்காரவைத்ததால்.

இந்தப் பணத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். 1970களின் கடைசியில் தொழிற்கட்சி அரசில் ஜூடித் ஹார்ட் அமைச்சராக இருந்தபோது அபிவிருத்திக் கல்விக்கென ஒரு நிதி தொடங்கினார்கள். தட்சர் அரசு வந்ததும் அது போயிற்று. 1997இல் கிளேர் ஷோர்ட் தலைமையில் சர்வதேச அபிவிருத்திக்கெனத் தனி அமைச்சு வந்து, 1999இல் விழிப்புணர்வுக்கென ஒரு கொள்கையும் வந்தது. 2010இல் புதிய திட்டங்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2013இல் பள்ளிகளுக்கென இன்னொரு திட்டம், 2018இல் பிரிட்டிஷ் கவுன்சிலுடன் சேர்ந்து மற்றொன்று, 2020இல் அந்த அமைச்சையே வெளிவிவகார அமைச்சுடன் கலந்துவிட்டார்கள். விதைப்பதும், முளை வந்ததும் உழுதுவிடுவதுமாக ஒரு வயல். அப்புறம் வரம்பில் நின்று விளைச்சல் எங்கே என்று கேட்கிறார்கள்.

அப்படித்தான் 2011இல் இந்த விழிப்புணர்வுச் செலவைப் பற்றி ஒரு மீளாய்வு வந்தது. இங்குள்ள மக்களின் விழிப்புணர்வு உலக வறுமையைக் குறைக்க உதவியிருக்கும் என்று மனம் சொல்கிறது, ஆனால் சான்று காட்டி நிறுவ முடியவில்லை என்பது அதன் சாரம். நியாயமாகப் பேசவேண்டும். எங்கள் பக்கத்திலும் பிழை இருந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை துண்டுப்பிரசுரம் கொடுத்தோம் என்று எண்ணித்தான் அறிக்கை எழுதினோம். நானே அந்தப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளது' என்ற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டிருக்கிறேன். அந்தப் பையன் என்ன கேட்டான் என்று எழுத அதில் இடமே இல்லை.

இப்போது 2027இல் உதவித் தொகை தேசிய வருமானத்தில் 0.5 வீதத்திலிருந்து 0.3 வீதமாகக் குறையப்போகிறது. பாதுகாப்புச் செலவைக் கூட்டுவதற்காக என்று 2025 பெப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். பெட்டி சுருங்கும்போது மருந்தையும் தடுப்பூசியையும் தொடுவதற்கு முன், பள்ளிக்கூடத்துச் சில்லறையைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மக்களுக்கு என்ன தெரிந்து இதைப் பற்றி முடிவு சொல்கிறார்கள்? போன நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தான், அரசாங்கம் நூறு பவுண் செலவழித்தால் இருபது பவுண் வெளிநாட்டுக்குப் போகிறது என்று அடித்துச் சொன்னார். நாற்பது வருடமாக இங்கே வரி கட்டுகிறவர். இல்லை அத்தான், 2015இல் சட்டமே போட்டு இலக்காக வைத்தது நாட்டின் மொத்த வருமானத்தில் நூறு பவுணுக்கு 70 பென்ஸ், அதையும் பிறகு 50 பென்ஸாக்கிவிட்டார்கள் என்றேன். நம்பவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டினேன். சரி, அந்த 50 பென்ஸாவது ஆபிரிக்காவுக்குப் போகிறதுதானே என்றார். அதுவும் முழுசாகப் போவதில்லை. 2023இல் உதவி என்று கணக்கெழுதிய 15.3 பில்லியன் பவுணில் 4.3 பில்லியன், அதாவது நூற்றுக்கு 28, இந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளையும் தஞ்சம் கோரியவர்களையும் வைத்துப் பார்க்கச் செலவானது. ஓர் அகதி வந்த முதல் பன்னிரண்டு மாதச் செலவை உதவியாக எழுதிக்கொள்ள, பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் விதி இடம் கொடுக்கிறது. ஹோட்டல் வாடகையும் இதில் அடக்கம். அகதியாக வந்த என் அத்தான் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றார்.

யார் சொல்வது? தொண்டு நிறுவனம் அழுகிற முகத்தைக் காட்டிப் பணப்பையைத் திறக்கச் சொல்லும். அரசு சிரிக்கிற முகத்தைக் காட்டித் தன் முதுகைத் தட்டிக்கொள்ளும். 2012இல் யூனியன் ஜாக் கொடியோடு, பிரித்தானிய மக்களிடமிருந்து என்று உதவிப் பெட்டிகளில் ஒட்ட ஒரு சின்னம் கொண்டுவந்தார்களே, அது விளம்பரம். விழிப்புணர்வு என்ற பெயரில் அந்த விளம்பரத்துக்குத்தான் காசு போகுமென்றால், வெட்டுங்கள் என்று உங்கள் வாசகரோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுவேன். அந்த 28 வீதத்தைப் பற்றி வகுப்பில் பேச விடுகிற காசுதான் எனக்கு வேண்டும். கொடுத்தவரையே கேள்வி கேட்கும் காசு. எந்த அரசுக்கும் அது கசக்கும் என்று தெரியும். அதனால்தான் எப்படிச் செலவழிப்பது என்பதை அமைச்சர் ஒருவரின் விருப்பத்துக்கு விடாமல் பொதுமக்களிடம் கேட்கவேண்டும் என்கிறேன்.

கேட்பது என்றால் எப்படி? சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு சேவையைக் குறைப்பது பற்றிக் கருத்துக்கேட்பு நடந்தது. இணையத்தில் மட்டும் ஒரு படிவம், பதினெட்டுக் கேள்வி. 'சேவைகள் திறமையாக நடக்கவேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. யார் ஏற்கமாட்டார்? கோடை விடுமுறையில் தொடங்கி விடுமுறையிலேயே முடிந்துவிட்டது. என் அம்மாவின் வயதுக்காரர் நான்கு பேருக்கு நான் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுத்தேன். நிரப்பி முடித்த பிறகு ஒரு பாட்டி கேட்டார், "இப்ப நான் என்னத்துக்கு ஓம் எண்டனான்?"

ஒழுங்காகக் கேட்பதற்கு இந்த நாட்டில் விதி இருக்கிறது, அதுவும் நம்மவர்கள் நிறைய வாழும் பிரென்ட் பகுதியிலிருந்து வந்த விதி. 1985இல் பள்ளிகளை மூடுவது பற்றிய ஒரு வழக்கில், பிரென்ட் கவுன்சிலை (உள்ளூராட்சி மன்றத்தை) எதிர்த்துப் பெற்றோர் தரப்பு நீதிமன்றம் போனது. அங்கே வகுக்கப்பட்டவைதான் கன்னிங் கோட்பாடுகள். முடிவு எடுக்கும் முன்பே, யோசனை உருவாகும்போதே கேட்கவேண்டும். சிந்தித்துப் பதில் சொல்லப் போதிய விவரம் தரவேண்டும். போதிய கால அவகாசமும் தரவேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு எடைபோட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். 2014இல் ஹரிங்கே கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்று, வேறு வழிகள் இருக்கின்றன என்பதையே மக்களுக்குச் சொல்லாமல் நடத்திய கருத்துக்கேட்பு சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்த்தது. எல்லாவற்றுக்கும் மக்களைக் கேட்டே ஆகவேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. ஆனால் கேட்பதென்று இறங்கினால் ஒழுங்காகக் கேட்கவேண்டும். முன்பு, கருத்துக்கேட்புக்கென அரசு வைத்திருந்த 2008ஆம் ஆண்டு நெறிமுறையில், குறைந்தது 12 வாரம் என்று இருந்தது. 2012இல் அந்தக் கணக்கையும் எடுத்துவிட்டார்கள்.

இந்த விஷயத்தில் வேறு வழிகள் என்று எதைச் சொல்வது? தூரம் போகவேண்டியதில்லை. அயர்லாந்து அரசு தன் உதவித் துறை மூலமாகவே உலகக் குடியுரிமைக் கல்விக்கு 2021 முதல் 2025 வரை ஒரு திட்டம் வகுத்து, இடைநிலைப் பள்ளிகளுக்கென்று தனி நிகழ்ச்சியும் நடத்துகிறது. வேல்ஸ் 2015இலேயே, உலகுக்குப் பொறுப்பான வேல்ஸ் என்பதைச் சட்டத்தில் ஓர் இலக்காக எழுதிவிட்டது. லண்டனில் இருக்கிற அரசு, இந்த இரண்டையும் மக்கள் முன் வைத்து, இதைப்போல வேண்டுமா, ஆசிரியர் பயிற்சிக்கு மட்டும் போதுமா, அல்லது ஒன்றுமே வேண்டாமா என்று நேராகக் கேட்கலாம். ஒன்றுமே வேண்டாம் என்று பெரும்பான்மையானோர் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன். மனம் நொந்துதான் ஏற்றுக்கொள்வேன்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. கருத்துக்கேட்பு என்றால் நமக்கில்லை, வெள்ளைக்காரருக்கு என்று நினைத்து ஒதுங்குகிறோம். காப்புறுதிப் படிவத்தையும் வீட்டுக்கடன் படிவத்தையும் வரி வரியாக நிரப்புகிற நமக்கு இது மட்டும் ஏன் கசக்கிறது? உதவி வாங்கிய ஊர்களில் பிறந்து, உதவி கொடுக்கும் நாட்டில் வரி கட்டுகிற ஆட்கள் நாங்கள். நிவாரணக் கூடாரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களும், அதற்குக் காசு அனுப்பியவர்களும் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காரில் காத்திருக்கும் பெற்றோர் அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு படிவத்தை நிரப்பமுடியாதா? தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் நான் வந்து விளக்குகிறேன். இப்போது எனக்குச் சனிக்கிழமைகள் சும்மாதான் இருக்கின்றன.

இதையெல்லாம் எங்கள் தொகுதி எம்.பி.க்கு மார்கழியில் எழுதினேன். ஆறு வாரம் கழித்து, உங்கள் கருத்து உரிய அமைச்சுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று அச்சடித்த பதில் வந்தது. விடுவதாக இல்லை. இந்த மாத முடிவில் இரண்டாவது கடிதம் போடப்போகிறேன். அதில் இரண்டே கேள்வி. 2027க்குப் பிறகு இங்கே விழிப்புணர்வுக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றி, முடிவெடுக்கும் முன் பொதுமக்களைக் கேட்பீர்களா? கேட்பதானால் எத்தனை வாரம்?

உங்கள் பத்திரிகை வழியாக மற்றவர்களும் தங்கள் எம்.பி.க்கு எழுதினால் நல்லது. என்னோடு மாறுபட்ட அந்த வாசகரும் சேரலாம். வெட்டத்தான் வேண்டும் என்ற தன் கருத்தை மாற்றாமலே இந்த இரண்டு கேள்வியையும் அவர் கேட்கலாம். அந்தத் திசைகாட்டித் தாளின் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, மூலை மடிந்து, தேநீர்க் கறையோடு. வேண்டுமென்றால் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன், அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
வடமேற்கு லண்டன்